மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டவள்

நேற்று எங்கள் துறைக்கு ஒரு மூட்டை வந்தது. மாணவர்கள் விளையாட்டு விழாவுக்காகத் திருப்பூரில் சொல்லித் தைத்த பனியன்கள். பிளாஸ்டிக் கயிற்றை அறுத்ததும் அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. புதுப் பின்னல் துணியும் மிஷின் எண்ணெயும் இஸ்திரி ஆவியும் கலந்த வாசனை. பிள்ளைகள் அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டேன். "சைஸ் சரியா இருக்குங்களா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தலையாட்டினேன். உன் வீட்டுக்குள் நுழையும்போது முதலில் வந்து மோதுவது இந்த வாசனைதான். அப்புறம் சத்தம். அதற்கப்புறம்தான் நீ.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் நேற்று முழுக்க மனதுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே இருந்தேன். எழுதினால் கொஞ்சம் அடங்கும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். நீ படிப்பை முடித்ததும் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நிட்டிங் கம்பெனி வைத்திருந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். நான் வெளியூர் போய்ப் பேச்சு, மொழி, செவிக் குறைபாடுகளுக்கான சிகிச்சையைப் படித்தேன். நான் என்ன படிக்கிறேன் என்று உன் கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு நீயே விளக்கம் சொன்னாய். "பேச்சு வராத குழந்தைங்களப் பேச வெக்கறது, திக்கற ஆளுங்களுக்குச் சொல்லித் தர்றது, அந்தப் படிப்புங்க." சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ சும்மாவே ஊருக்குப் பேசுவே. இதுக்கு ஒரு படிப்பு வேறயா புள்ள" என்றாய். உன் குரல் அப்போதே பந்தல் தாண்டிக் கேட்கும்.

கோயமுத்தூரில் எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. காலையில் வகுப்பு, பகலில் மாணவர்களோடு சிகிச்சைப் பிரிவு. பக்கவாதம் வந்து சொல் தொலைந்த பெரியவர்கள், மூன்று வயதாகியும் அம்மா என்று சொல்லாத குழந்தைகள், தொண்டை கட்டிப்போன பள்ளிக்கூட வாத்தியார்கள். ஒவ்வொருவரிடமும் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவேன். நாள் முழுக்கப் பேச்சு. பேசாமல் சம்பளம் கிடையாது என்கிற வேலை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஆடி மாதம் தொட்டே என் குரல் சரியில்லை. சளி என்றேன். கரும்பலகைத் தூசி என்றேன். நான் அப்போது நடத்திக்கொண்டிருந்தது குரல் கோளாறுகள் பற்றிய பாடம் என்பதுதான் வேடிக்கை. கரகரப்பு எப்படியிருக்கும், காற்று கலந்த குரல் எப்படியிருக்கும், இறுக்கிப் பேசும் குரல் எப்படியிருக்கும் என்று அந்தப் பிள்ளைகளின் காதைப் பழக்கியதே நான்தான். பழக்கிய காதுகளுக்கு முன்னால் தினமும் நின்று பேச வேண்டியிருந்தது. வாக்கியத்தின் கடைசிச் சொல் பாதியில் காற்றாகப் போகும். பெஞ்சில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்ப்பாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி மட்டும் நின்றாள். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப வாரமா குரல் கரகரன்னே இருந்தா டாக்டரப் பாக்கச் சொல்லோணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். திரையில் என் குரல்நாண்கள் தெரிந்தன. எத்தனையோ பேருடைய நாண்களை அப்படித் திரையில் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். இடது நாணில் சின்னதாக ஒரு கட்டி. அது என்னைப் பயமுறுத்தவில்லை. அதன் மேல் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. அப்படித் திட்டு இருந்தால் புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தருவதும் நான்தான்.

"பாக்க சாதாரணமாத்தான் தெரியுது மேடம். எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் எதையும் நெனச்சுக்காதீங்க" என்றார் மருத்துவர்.

நினைக்காமல் எப்படி இருப்பது? புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்டவர்களுக்கு மறுபடி பேசப் பழக்குவதும் எங்கள் வேலைதான். கழுத்தில் துளையோடு, துண்டைப் போர்த்தி மறைத்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சீட்டில் எழுதிக் காட்டுவார்கள். அவர்கள் எதிரே எத்தனையோ தடவை தைரியம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. என் வீட்டுக்காரர் அப்போது வேலையாக மஸ்கட்டில் இருந்தார். அவரிடம் போனில் சொன்னேன். உடனே கிளம்பி வருகிறேன் என்றார். லீவு கிடைக்கச் சில வாரங்கள் ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அடுத்து உனக்குத்தான் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று காலையில் நீ பஸ் பிடித்து வந்து சேர்ந்தாய். கையில் ஊத்துக்குளி நெய் ஒரு தூக்கு. "தொண்டைக்கு நல்லது" என்றாய். மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதும் தூக்கை அவளிடமே நீட்டினாய். "அப்ப நீங்க வெச்சுக்கோங்க கண்ணு."

முடிந்து கண் விழித்தபோது நீதான் பக்கத்தில் இருந்தாய். ஒரு வாரத்துக்கு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்று மருத்துவர் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிசுகிசுக்கவும் கூடாது, கனைக்கவும் கூடாது. நீ அவர் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டினாய். ரிசல்ட் வந்ததும் போன் செய்து சொல்கிறோம், இவர் போனில் பேச முடியாது, வேறு நம்பர் கொடுங்கள் என்று நர்ஸ் கேட்டாள். நீ கொஞ்சம் தயங்கினாய். அந்தத் தயக்கம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏதோ சகுனம் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் உன் மொபைல் நம்பரைச் சொன்னாய்.

என் குழந்தைகள் இருவரும் மாமியாரிடம் இருந்தார்கள். வீட்டுக்குப் போனால் அவர்கள் என்னைப் பேச வைத்துவிடுவார்கள் என்பதில் உனக்குச் சந்தேகமே இல்லை. "என்ர ஊட்டுக்கு வந்துரு. அங்க பேசுனாலும் ஒருத்தருக்கும் கேக்காது. பொறவு உனக்குப் பேசவே தோணாது" என்றாய்.

அது உண்மைதான். முன்னால் வீடு, பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதற்குள் வட்ட வட்டமாகச் சுழன்று துணி பின்னும் பழைய மிஷின்கள். காலையில் ஓடத் தொடங்கினால் சுவரில் மாட்டிய காலண்டர்கூட அதிரும். கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. உன் மாமனார் காலத்தில் தொடங்கிய கம்பெனி. உன் வீட்டுக்காரர் நூல் வாங்கவும் துணி கொடுக்கவும் வெளியே சுற்றுவார். உள்ளே எல்லாம் நீ.

உன் மகள் பழைய சிலேட்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். முதல் நாள் அதில் எழுதி எழுதிக் காட்டினேன். நீ சிலேட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாய். "எழுதி நான் படிக்கறதுக்குள்ள சோறு அடிப்புடிச்சுரும். வாய மட்டும் அசை" என்றாய். காற்றும் விடாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டாய். வீட்டில் வேறு யாருக்கும் அது வரவில்லை. உன் வீட்டுக்காரர் நான் தண்ணீர் கேட்டால் பேப்பரைக் கொண்டுவந்து கொடுப்பார்.

கொட்டகையில் எல்லோருக்கும் கைதான் வாய். நூல் அறுந்தால் இரண்டு விரலால் கத்தரிப்பது. ஊசி உடைந்தால் சுட்டுவிரலைக் கொக்கிபோல மடக்குவது. கோளாறு ஒன்றுமில்லை, ஓடட்டும் என்றால் அதே விரலைக் காற்றில் வட்டமாக ஒரு சுற்று. தெற்கே கடலோர ஊரிலிருந்து வந்து உன்னிடம் பல வருஷமாக மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அந்தோணி அண்ணன்தான் எனக்கு இதையெல்லாம் சிரித்துக்கொண்டே காட்டிக் கொடுத்தார். பேச்சு சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரம்மா கொட்டகையில் கையாட்டிக்கொண்டு நிற்பது அவர்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு.

பகலில் அப்படி ஓடிவிடும். ஆனால் உன் போன் அதிரும்போதெல்லாம் கை வேலையை விட்டுவிட்டு உன்னைப் பார்ப்பேன். நூல்காரர், டிரான்ஸ்போர்ட்காரர், உன் நாத்தனார். வந்த போனில் பாதியை உன் மகளிடமோ அந்தோணி அண்ணனிடமோ நீட்டுவாய். "கை ஈரமா இருக்குது, நீ பேசு" என்பாய். கை ஈரமாக இல்லாத நேரத்திலும் அதையேதான் சொன்னாய்.

போன் வந்த நாள் முற்பகல். உன் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நாம் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மேடைமேல் இருந்த மொபைல் வெளிச்சம் போட்டு நகர்ந்தது. உனக்கு முதுகுப் பக்கம் அது. நான் எழுந்து எடுத்துப் பார்த்தேன். கோயமுத்தூர் நம்பர். உன்னிடம் நீட்டினேன். நீ நம்பரைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். உன் முகம் அப்படி வெளுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"சொல்லுங்க" என்றாய். போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினாய். அழுத்தி வைத்துக்கொண்டாய். "ஆமாங்க... ஆமாங்க. என்னங்க சார்? இன்னொருக்கா சொல்லுங்க." நான் உன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்குள் போனாய்.

உன் பின்னாலேயே வந்தேன். நீ நேராகச் சுவரோரம் போய் மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாய்.

ஓடுகிற மிஷின்களை அப்படி ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று எனக்கே தெரியும். நிறுத்தி ஓட்டினால் துணியில் கோடு விழும், அந்த ரோலைத் தனியாக ஒதுக்க வேண்டிவரும். அதற்காக நீ கத்தியதைக் கேட்டிருக்கிறேன். மிஷின்கள் ஒவ்வொன்றாகச் சுற்றித் தளர்ந்து நின்றன. பஞ்சுத்தூசி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோணி அண்ணன் ஓடி வந்தார்.

"என்னக்கா, எதுக்கு நிறுத்திட்டிய? ஏதும் ஷாக் அடிச்சிட்டோ?"

நீ கொட்டகை நடுவில் நின்று, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க சார்" என்றாய். கேட்டாய். மறுபடியும் "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாய். அப்புறம் போனைக் காதிலிருந்து எடுத்து அந்தோணி அண்ணனிடம் நீட்டினாய்.

"அண்ணா, நீங்க கேளுங்க. கேட்டுட்டு என்ர மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் வாங்கிக் கேட்டார். "ஆமா சார்... சரி சார். அப்படியா." நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் போனை மூடிவிட்டு உன் முகத்துக்கு நேராக நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"புத்துநோய் எல்லாம் இல்லையாம்க்கா. சாதாரணக் கட்டிதானாம். வெள்ளையா இருந்ததும் ஒண்ணும் செய்யாதாம். பயப்படாண்டாம்னு சொல்லச் சொன்னாவ."

அந்த அமைதியில் அது என் காதிலும் விழுந்தது. விழுந்தும் நான் நம்பவில்லை. நீ என் பக்கம் திரும்பினாய். அப்புறம் சுட்டுவிரலைத் தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் போட்டாய்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நீ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு காதருகே சொன்னாய், உன் ரகசியக் குரலே ஊருக்குக் கேட்கும்: "அழுவு புள்ள. சத்தம் வராம அழுவு. தையல் பிரிஞ்சரப் போகுது." தொண்டைக்குள் தையல் எதுவும் கிடையாது என்று உனக்கு யார் சொல்வது? சத்தம் வராமல் அழவும் முடியாமல், சிரிப்பை அடக்கவும் முடியாமல் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்தோணி அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஓட்டலாமாக்கா?" என்று கேட்டார். நீ திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினாய். மிஷின்கள் மறுபடி பிடித்துக்கொண்டன.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் படுத்திருந்தோம். பல நாளுக்குப் பிறகு எனக்கு உடம்பு முழுக்கத் தளர்ந்து, நல்ல தூக்கம் வரும்போல இருந்தது. நீ கூரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாய்.

"எதுக்கு அந்தோணி அண்ணன்கிட்ட போனக் குடுத்தேன்னு உனக்குக் கேக்கோணும்னு இருக்கும். உன்னால இப்பக் கேக்க முடியாது. அதுதான் சொல்றேன். எனக்குக் காது கேக்கறதில்ல புள்ள."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"ரெண்டு மூணு வருஷமாவே. ஆரம்பத்துல போன்ல மட்டும். இப்ப முதுகுக்குப் பின்னால பேசுனா ஒண்ணுமே தெரியறதில்ல. மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுக்குவேன். அதான் எல்லாத்தையும் மூஞ்சியப் பாத்தே பேசறேன். உன்ர வாயசைவு எனக்கு மட்டும் எப்படிப் புரியுதுன்னு நீ யோசிக்கவே இல்லியே. ஊட்டுல எல்லாரும் பேசறது எனக்கு அப்படித்தான் இருக்குது."

எனக்கு நூறு கேள்வி எழுந்தது. எப்போதிருந்து, எந்தக் காது, இரைச்சல் கேட்கிறதா, ஏன் என்னிடம் சொல்லவில்லை. சிலேட்டை எடுக்கக் கை நீட்டினேன். நீ என் கையைப் பிடித்து மெத்தையோடு அழுத்தி வைத்துக்கொண்டாய்.

"எழுதாதே. கேளு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ அதையே படிச்சவ. சொன்னா அப்பவே தரதரன்னு இழுத்துட்டுப் போயி காதுல மிஷின் மாட்டிருவே. இங்க செவிடி கம்பெனி நடத்தறான்னு பேசுவாங்க. மாமியா இருந்தவரைக்கும் எதுவும் காதுல போட்டுக்க மாட்டீங்கறான்னு திட்டும். நானும் சரி, திமிருன்னே நெனச்சுக்கட்டும்னு உட்டுட்டேன். செவிடுங்கறதுக்குத் திமிரு பரவால்ல."

தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டாய்.

"ஆசுபத்திரில நம்பர் கேட்டப்ப எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. குடுக்காம எப்படி இருக்கறது? உனக்கு வேற யாரு இருக்கறா இங்க? இன்னைக்கு அவரு சொல்றாரு. ஒரு சொல்லு மட்டும் தெளியவே மாட்டீங்குது. இருக்குதுன்னு சொல்றாரா, இல்லைன்னு சொல்றாரா? தப்பாக் கேட்டு நல்ல சேதின்னு உன்கிட்டச் சொல்லிப்போட்டு, பொறவு அது மாறிப்போச்சுன்னா? அதான் மிஷின நிறுத்துனேன். நிறுத்தியும் தெளியல. அப்பறம் எங்க போயி மறைக்கறது. இருக்கறவங்க எல்லாருக்கும் இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு."

அப்புறம் நீ பெருமூச்சு விட்டாய். உன் முகத்தில் வருத்தம் இல்லை. தலைச்சுமையை இறக்கி வைத்தவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வதுபோல இப்படியும் அப்படியும் திரும்பிப் படுத்தாய். "நெம்ப நல்லா இருக்குது புள்ள" என்றாய். அடுத்த நிமிஷம் தூங்கிப்போனாய். நான் உன் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

என்னால் பேச முடிந்திருந்தால் அன்று நீ அவ்வளவையும் சொல்லியிருக்க மாட்டாய். முதல் வாக்கியத்திலேயே உன்னை நிறுத்தி, டெஸ்ட் எடுக்க நாள் குறித்திருப்பேன்.

பேசக் கூடாது என்ற அந்த வாரம் முடிந்ததும் மருத்துவரைப் பார்க்க நீயும் வந்தாய். நாண் நன்றாக ஆறியிருக்கிறது, மெதுவாகப் பேசத் தொடங்கலாம் என்றார். அங்கிருந்து கல்லூரிக்குப் போனோம். என்னிடம் படித்து எங்கள் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்தான் எனக்குக் குரல் பயிற்சி கொடுக்கப்போகிறாள். அவளுக்கு ஒரே பதற்றம். நான் சொல்லிக்கொடுத்ததையே எனக்குத் திருப்பிச் சொன்னாள். "மேடம், தோள இறக்கிக்கங்க. உதட்ட மூடிட்டு, மெதுவா ம்ம்னு சொல்லுங்க. தள்ளாதீங்க."

உதட்டை மூடினேன். பயமாக இருந்தது. ஒன்றும் வராமல் போனால்? மெதுவாக விட்டேன். வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் தடித்து, ஆனால் காற்று கலக்காமல், உடையாமல், நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்துகொண்டு வந்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. நான் பெருமையோடு உன்னைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்டாய்.

உனக்குக் கேட்கவில்லை. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்படியே உன் கையைப் பிடித்து வராந்தாவின் மறுகோடியில் இருந்த செவிப் பரிசோதனை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ இழுத்த இழுப்புக்கு வந்தாய். சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்குள் உன்னை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் உன் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னேன். "சின்னதா சத்தம் கேட்டாலும் கையத் தூக்கு." குரல் திரும்பி நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ந்த ஓசைகளுக்குக் கொஞ்சம் சத்தம் கூட்டியதும் கை தூக்கினாய். ஓசை மேலே ஏற ஏறக் கை மடியிலேயே கிடந்தது. நீ என் முகத்தைப் பார்த்து எப்போது தூக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பார்த்தாய். நான் திரும்பி நின்றுகொண்டேன். மிஷின் இரைச்சலில் வருஷக்கணக்காக இருந்தவர்களுக்கு வரும் குறைதான். முழுக்கத் திரும்பாது. கருவி வைத்தால் பேச்சு தெளியும். அதைச் சொன்னதும் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போன் பேசலாமா?"

பேசலாம் என்றேன்.

இரண்டு காதுக்கும் கருவி வந்தது. முதல் வாரம் தினமும் போன் செய்து குறை சொன்னாய். சோற்றுக்கு உட்கார்ந்தால் உன் வீட்டுக்காரர் மெல்லுகிற சத்தம் கேட்கிறது, அப்போது மட்டும் கழற்றி வைத்துவிடுகிறேன் என்றாய். பக்கத்து வீட்டு மிக்ஸி, பால்காரரின் சைக்கிள், உன் மகள் முனகிக்கொண்டே எழுதுவது. எல்லாவற்றையும் திட்டினாய். திட்டிக்கொண்டே இருந்தவள் ஒரு நாள், "உன்ர குரலு உங்கம்மா குரலாட்டவே ஆயிப்போச்சு. நெசமாவா, இல்ல இந்த மிஷின்ல அப்படிக் கேக்குதா?" என்றாய். நிஜம்தான். எங்கள் வீட்டிலும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அடுத்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்கிறவர்களின் காதைப் பரிசோதிக்க என் மாணவர்களை அழைத்துக்கொண்டு உன் கொட்டகைக்கு வந்தேன். நீதான் கூப்பிட்டாய். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளிலிருந்தும் ஆட்களைத் திரட்டி வைத்திருந்தாய். யாரும் முதலில் உட்கார முன்வரவில்லை. நீ முந்தானையால் மூடியே பழகியிருந்த காதைத் திறந்து, முடியைப் பின்னுக்குத் தள்ளிக் கருவியைக் காட்டினாய். "எனக்குக் காது மந்தமுங்க. மறைச்சு மறைச்சே கழுத்து வலி வந்துருச்சு. நீங்களும் அப்படிச் சீரழிய வேண்டாங்க." அந்தோணி அண்ணன் சிரித்துக்கொண்டே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். அவருக்கும் குறை தொடங்கியிருந்தது. அதன் பிறகு உன் கொட்டகையில் காதடைப்பான் இல்லாமல் யாரும் மிஷின் பக்கம் போக முடியாது. கைப்பேச்சு அப்படியேதான் இருந்தது.

நல்ல வருஷங்கள் அவை. நீ போனில் பேசுவாய், நான் பேசுவேன். ஒருவர் பேச ஒருவர் கேட்கிற சாதாரண விஷயம். அது நமக்கு மட்டும் அதிகப்படியாகக் கிடைத்ததுபோல இருந்தது.

போன வருஷம் மாசியில் உனக்கு நெஞ்சு வலி என்று உன் மகள் போன் செய்தாள். நான் வந்தபோது ஆபத்து தாண்டிவிட்டது என்றார்கள். உன்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கருவியோடுதான் படுத்திருந்தாய், கழற்ற விடமாட்டேன் என்று நர்ஸிடம் சண்டை போட்டாயாம். நான் வழக்கப்படி ஆயிரம் அறிவுரையோடு வந்திருந்தேன். உப்பைக் குறை, நடக்கப் போ, கம்பெனியை உன் வீட்டுக்காரரிடம் விடு. உன் முகத்தைப் பார்த்ததும் ஒன்றையும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டு நாளெல்லாம் போகிறது, ஜெனரேட்டர் ஓட்டிக் கட்டுபடியாகவில்லை என்றாய். உன் மகள் எந்தக் கல்லூரியில் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டாய். கண் சொருகிக்கொண்டே வந்தது.

"புள்ளைக்குப் பரிச்சை முடிஞ்சதும் அமராவதி டேமுக்குப் போலாம். நாம ரெண்டு பேரு மட்டும். அங்க மீனு வறுத்துத் தருவாங்க. உனக்குக் காரம் ஆகாது, உனக்கு வேற எதாச்சும் வாங்கிக்கலாம். நான் மட்டும்..."

அதற்குள் தூங்கிவிட்டாய். மாலை வெயில் உன் கால்மாட்டில் கிடந்தது. மூச்சு சீராக இருந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மறுநாள் வருகிறேன் என்று உன் மகளிடம் சொல்லிக் கிளம்பினேன். மறுநாள் விடிவதற்குள் அவள் போன் வந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாய்.

அழுதேன், நிறைய அழுதேன். இந்தத் தடவை சத்தம் போட்டே அழுதேன். ஆனால் அந்தச் சாயங்காலத்தை நினைக்கும்போது மட்டும் மனது அமைதியாகிவிடுகிறது. உன் முகத்தில் ஒரு பயமும் இல்லை. நான் எதையும் சொல்லி உன்னை நிறுத்தவில்லை. யாரிடமும் எதையும் மறைக்காமல், மீன் வறுவலைப் பற்றிப் பேசிக்கொண்டே நீ தூங்கினாய்.

எங்களிடம் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று சொல்வோம். எதிரே இருப்பவர் பாதியில் நின்றுவிட்டால், மீதியை நாம் சொல்லி முடித்துவிடக் கூடாது. அது அவருடைய வாக்கியம். எவ்வளவு நேரமானாலும் பொறுத்திருக்க வேண்டும்.

"நான் மட்டும்" என்று நீ நிறுத்திய இடத்துக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? உன் நாக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அதை முடிக்கவில்லை. அந்த வாக்கியம் நீ விட்ட இடத்திலேயே என்னிடம் இருக்கிறது.